மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சு

அந்த ஆம்ப்ளிஃபயர் எந்த ஊரில் செய்யப்பட்டது என்பதே எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. முன்பக்கம் பெயர்த் தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்றார் மாதா கோயில் ஃபாதர். பெங்களூரில் யாரோ தச்சரை வைத்துப் பெட்டி அடித்து உள்ளே ரேடியோ சாமானைப் போட்டது என்றார் என் அண்ணன். ஏற்காட்டை விட்டுப் போன எஸ்டேட் மானேஜர் ஒருவர் அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கோயிலில் கிட்டார் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். அண்ணன் ஒண்டிக்கடை ஜங்ஷனிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டினார், சாயங்காலங்களில் டிரம்ஸ் அடித்தார். அவரும் நானும், கோயில் பாட்டுக்குழுவில் பாடிக்கொண்டிருந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவரும் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்திருந்தோம். தபலாவுக்கும் ஆர்மோனியத்துக்கும் கச்சேரிக்குக் கச்சேரி யாராவது கிடைப்பார்கள். ரைட்டருக்குச் சொந்த ஊர் சேலம். ஆண் குரல் பாட்டெல்லாம் அவருடையது. நல்ல குரல். பேசும்போது அவ்வளவு தைரியம் இராது.

அதுவரை என் மின்சாரக் கிட்டாரைக் கோயில் மைக் செட்டில் செருகித்தான் வாசித்தேன். தகரத்தில் ஆணியை இழுக்கிற மாதிரி இருக்கும். ஆம்ப் வந்த அன்று, பள்ளி முடிந்ததும் வீட்டு முன்னறையில் வைத்து சுவிட்சைப் போட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் கெட்டுப்போன சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முனகினார். பின்பக்கம் எட்டிப் பார்த்தால், உள்ளே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்துகொண்டிருந்தன. சூடான தூசி வாசனை வந்தது. பிறகு நான் ஒரு கம்பியைத் தொட்டேன்.

அந்தச் சத்தத்தை இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை. மெதுவாகத் தொட்டால் மெதுவாக வந்தது. அழுத்தித் தட்டினால் உரத்து வருவதற்குப் பதில் கொஞ்சம் கரகரத்து, தொண்டை கட்டியவர் பாசமாகப் பேசுவது போல வந்தது. கம்பியை விட்ட பிறகும் சத்தம் உடனே போய்விடாமல் அறைக்குள் நின்றது. அண்ணன் கை கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "இத்தனை நாளா நீ வாசிச்சது இதுதானா கண்ணு?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஊர் ஊராகப் போனபோதுதான் அதன் கனம் தெரிந்தது. இரண்டு பேர் பிடித்தால்தான் ஜீப்பில் ஏறும். மலைப்பாதையின் குலுக்கலில் வால்வுகள் குழியை விட்டுக் கழன்றுவிடும், போய் இறங்கியதும் சத்தம் விட்டுவிட்டு வரும். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் வால்வுகளைப் பிடுங்கி, இலவம்பஞ்சு அடைத்த பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். இறங்கியதும் அதனதன் குழியில் திரும்பச் செருகுவேன். கொட்டச்சேடு, மஞ்சக்குட்டை, எஸ்டேட் தொழிலாளர் லைன்களில் நடந்த கோயில் விசேஷங்கள், கல்யாணங்கள் என்று எங்கே போனாலும் அது வேலை செய்தது. ஒருமுறை மழையில் நனைந்துபோனது. அடுப்படியில் வைத்துக் காயவைத்த பிறகு பழையபடியே பாடியது. அதைப் போட்டு அடித்தாலும் சாகாது என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழப்பம் சேலத்தில் தொடங்கியது. ரைட்டரின் சொந்தக்காரர் கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் முதல் வரிசையிலேயே அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு தொடங்கினோம். கிட்டார் சத்தம் வேறு எங்கிருந்தோ வந்தது. சுத்தமாக, பளிச்சென்று, கண்ணாடிப் பாத்திரத்தைத் தட்டுவது போல. மலையில் இருந்த அந்தக் கரகரப்பும் நிற்கிற குணமும் இல்லை. குமிழ்களைத் திருப்பிப் பார்த்தேன். வால்வுகளை மாற்றிச் செருகிவிட்டேனோ என்று இடைவேளையில் குனிந்து சரிபார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வந்தவர்கள் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். எனக்கோ வேறு யாரோ என் விரலை வைத்து வாசித்த மாதிரி இருந்தது.

அன்று இன்னொன்றும் நடந்தது. மலையில் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும் ரைட்டர், அங்கே என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய அம்மா என்னைக் காட்டி யார் என்று விசாரித்தபோது, கோயிலில் கிட்டார் வாசிக்கிற பொண்ணு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் தலை முழுவதும் அந்தச் சத்தம்தான் இருந்தது.

மறுநாள் மலை ஏறி வந்து, வீட்டில் வைத்துச் செருகினேன். பழைய சத்தம் அப்படியே வந்தது.

பிறகு சேலத்தில் இரண்டு மூன்று கச்சேரிகள். ஒவ்வொரு முறையும் கீழே போனால் பளிச், மேலே வந்தால் கரகர. அண்ணன், மலைக்காற்று குளிர்ச்சியானது, சத்தம் அதில் நிதானமாகப் போகிறது என்றார். பள்ளியில் அறிவியல் எடுத்த டீச்சர், ஸ்பீக்கருக்குள் இருக்கிற காகிதம் இங்கே ஈரத்தில் ஊறியிருக்கும், கீழே வெயிலில் விறைத்துப்போகும் என்றார். கேட்டால் இரண்டும் சரி போலத்தான் இருந்தது. ஆனால் மழைக்காலத்தில் சேலத்திலும்தான் ஈரம். அப்போதும் சத்தம் பளிச்சென்றுதான் வந்தது.

இதையே நினைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் ஒண்டிக்கடையில் அண்ணனின் ஜீப்புக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ரைட்டர். ஆம்ப் காலடியில் இருந்தது. என்ன யோசனை என்று கேட்டார். நான் அவரைப் பார்க்காமலே சொன்னேன்.

"மேல இருக்கறப்ப ஒரு பேச்சு, சேலம் போனா வேற பேச்சுங்க. எதை நம்பறதுன்னே தெரியலைங்க."

பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பிறகு அவர் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நான் வேணும்னு செய்யலைங்க டீச்சர். அம்மா முன்னாடி எனக்கு வாயே வர மாட்டேங்குது. உங்களைப் பத்தி ஊட்டுல சொல்லணும்னு நொம்ப நாளா நெனச்சுட்டுத்தான் இருக்கறேன்."

அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது ஜீப் வந்துவிட்டது. நான் ஆம்ப்பைச் சொன்னேன் என்று சொல்வதா, சொல்லாமல் விடுவதா? சொன்னால் அவர் கூனிக் குறுகிப்போவார். சொல்லாவிட்டால் அவர் மனதில் இருப்பதை நான் கேட்டு வாங்கியதாக ஆகிவிடும். இரண்டும் இல்லாமல், "பெட்டியை ஒரு கை புடிங்க" என்று மட்டும் சொன்னேன். மஞ்சக்குட்டை போய்ச் சேரும்வரை டின்னை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று என்ன வாசித்தேன், எப்படிக் கேட்டது, எதுவும் நினைவில்லை.

அடுத்த முறை சேலம் போனபோது, வால்வு ரேடியோ பழுது பார்க்கிற ஒருவரிடம் ஆம்ப்பைக் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் தட்டிக் கேட்டார், மீட்டரை வைத்துப் பார்த்தார், பழுது ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் உங்கள் ஊரில் சாயங்காலம் லைட் மங்கலாக எரியுமா என்று கேட்டார். எரியும், எல்லா எஸ்டேட்டும் விளக்குப் போடுகிற நேரம் எங்கள் பல்பு ஆரஞ்சுப் பழம் மாதிரிதான் இருக்கும் என்றோம். கரண்டு குறைந்தால் வால்வு சீக்கிரம் களைத்துப்போகும், அந்தக் களைப்புதான் உங்களுக்கு இனிக்கிறது போல என்றார். உறுதியாகத்தான் சொல்கிறாரா என்று கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாது, ஸ்பீக்கரும் காரணமாக இருக்கலாம் என்று சிரித்தார்.

அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. கரண்டுதான் வில்லங்கம் என்றால் ஸ்டெபிலைசர் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். எனக்கு அதைக் கண்டாலே பயம். கரண்டைச் சரிசெய்தால் இருக்கிற நல்ல சத்தமும் போய்விடுமே என்றேன். கரண்டு குறைவாக இருந்தால்தான் நன்றாகப் பாடும் என்றால் அது என்ன மிஷின் என்று அவர் கேட்டார்.

ஒரு நாள் விளக்கு மங்குகிற நேரமாகப் பார்த்து, என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். அவர் ஸ்டெபிலைசரை ஒருமுறை சேர்த்தும் ஒருமுறை சேர்க்காமலும் ஆம்ப்பைப் போடுவார். நான் வாசித்துப் பார்த்து எது எது என்று சொல்ல வேண்டும். எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்துத்தான் நின்றேன். சொன்னதில் பெரும்பாலும் தப்பு. ஸ்டெபிலைசர் இருந்தபோது, ஆகா இதுதான் என் சத்தம் என்றேன். இல்லாதபோது இது சேலத்துச் சத்தம் என்றேன். அண்ணன் கேலி செய்யவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உட்டுத் தள்ளு கண்ணு, எப்படியோ பாடுதில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு என் காதின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கும்போதுகூட, இவள் நன்றாகச் சொல்கிறாளா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா என்று யோசிக்க ஆரம்பித்தேன். ரைட்டர் விஷயமும் அப்படியே நின்றது. அவர் அன்று சொன்னதைத் திரும்பப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பாட்டுக்கு எந்த சுருதி என்று மட்டும் கேட்டுக்கொள்வோம்.

கொட்டச்சேட்டுக்கு ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில் ஆம்ப் விழுந்தது. மத்தியான வேளை, மழை விட்ட நேரம். ஜீப் திருப்பத்தில் பக்கவாட்டில் சறுக்கியது. நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டோம், பின்னால் ரைட்டர் கட்டியிருந்த கயிறு அறுந்தது. பெட்டி பாதையில் ஒருமுறை மோதி, காப்பித் தோட்டத்துச் சரிவில் உருண்டு போனது. செடிகள் ஒடிகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

முதலில் இறங்கி ஓடியது ரைட்டர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழுக்கிக்கொண்டே இறங்கினார். ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. ஒரு மூலை பிளந்து, முன்துணி கிழிந்திருந்தது. ஸ்பீக்கர் காகிதத்தில் ஒரு கீறல். அவர் முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்காமல் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வால்வெல்லாம் உங்க கிட்டத்தானுங்களே?" என்று கீழே இருந்தபடி கேட்டார்.

நான் டின்னைத் தூக்கிக் காட்டினேன். ஏனோ அழுகை வந்தது. ஆம்ப்புக்கா, அவர் முழங்கைக்கா, எனக்கே தெரியவில்லை. என் கைக்குட்டையால் அவர் கையைக் கட்டிவிட்டேன். அண்ணன் ஜீப்பின் டயரை உற்றுப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

பெட்டியைக் கயிற்றால் சுற்றிக் கட்டி மேலே ஏற்றினோம். கொட்டச்சேட்டில் ஒரு வீட்டில் மைதா பசை காய்ச்சித் தந்தார்கள். புடவைப் பெட்டியில் வருகிற மெல்லிய காகிதத்தைக் கிழித்து, ஸ்பீக்கர் கீறலில் ஒட்டினேன். பசை உலர்ந்ததும் வால்வுகளைச் செருகி சுவிட்சைப் போட்டோம். சிவந்தது, பாடியது. ஆனால் சத்தம் மாறியிருந்தது. அடியில் ஒரு வண்டு முனகுகிற மாதிரி ஒரு இழை. எனக்கு அது முன்னைவிடப் பிடித்திருந்தது. உடைந்த பிறகு எப்படி நன்றாக இருக்க முடியும்? அண்ணனிடம் கேட்டேன், முன்பு இருந்தது போலத்தான் இருக்கிறது என்றார். ரைட்டர் மோசமாகிவிட்டது என்றார், தன் மேலேயே பழி போட்டுக்கொள்கிற முகத்தோடு. மூன்று பேருக்கும் மூன்று சத்தம் கேட்டிருக்கிறது.

அந்த வருஷம் மே மாதம், ஏரிக்குப் பக்கத்தில் போட்டிருந்த கோடை விழா மேடையில் எங்களுக்கும் ஒரு சாயங்காலம் கிடைத்தது. பிளந்த பெட்டியை நம்ப முடியாது என்று, அண்ணன் சேலத்திலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்பை இரவல் வாங்கி வந்திருந்தார். ஒரு கையால் தூக்கலாம், போட்ட உடனே பேசும். நானும் சரி என்றேன். யாரும் குறை சொல்ல முடியாத சத்தம் அதில் வந்தது. பழையதையும் ஸ்டெபிலைசரோடு சேர்த்து, சுவிட்சைப் போட்டுச் சூடாகவே மேடை ஓரத்தில் வைத்திருந்தோம்.

ரைட்டரின் அம்மா சேலத்திலிருந்து வந்திருந்தார். முன்வரிசையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ரைட்டரின் குரல் உள்ளே போய்விட்டது. முதல் பாட்டைப் பாதி விழுங்கிக்கொண்டுதான் பாடினார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் மேடை விளக்குகள் திடீரென்று வெள்ளையாகப் பிரகாசித்தன. ஜெனரேட்டர்காரர் எதையோ கூட்டிவிட்டார். டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலிருந்து ஒரு 'டப்', கருகல் வாசனை, அவ்வளவுதான். நான் கிட்டார் ஒயரைப் பிடுங்கிப் பழைய ஆம்ப்பில் செருகினேன். ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டு, கரண்டை விடுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. அண்ணன் டிரம்ஸிலிருந்து தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நான் ஸ்டெபிலைசரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆம்ப்பை நேரே ஜெனரேட்டர் கரண்டில் செருகினேன். வெடித்தால் வெடிக்கட்டும் என்று இருந்தது.

வெடிக்கவில்லை. அந்த ரேடியோக்காரர் சொன்ன கணக்குப்படி, கரண்டு கூடினால் சத்தம் கண்ணாடி மாதிரி வந்திருக்க வேண்டும். வந்ததோ, நான் என் வாழ்நாளில் கேட்ட எல்லாவற்றையும்விட நல்ல சத்தம். வீட்டு முன்னறையில் முதல் நாள் கேட்டதைவிடவும் நன்றாக. கூட்டம் அடங்கிக் கேட்டது. ரைட்டர் திரும்பி என்னைப் பார்த்தார், வரியை விட்டுவிட்டார், திரும்பப் பிடித்து முழுக் குரலில் பாடினார்.

பாட்டு முடிந்ததும் மைக்கில் எங்கள் பெயர்களைச் சொல்லி அறிமுகப்படுத்துவது அவர் வேலை. என் முறை வந்ததும் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். பிறகு, "கிட்டார் வாசிக்கறது எங்க டீச்சருங்க. இவங்களைத்தான் எங்க அம்மாவுக்குக் காட்டணும்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டியது. அவருடைய அம்மா கை தட்டவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். அது சம்மதமா, சரி பார்ப்போம் என்பதா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த வாரம் பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு அவர் வந்த பிறகுதான் விளங்கியது.

கல்யாணத்துக்குப் பிறகு, ஒண்டிக்கடையில் நான் சொன்னது ஆம்ப்பைப் பற்றித்தான் என்று ரைட்டரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அன்றே அது தெரிந்திருந்தால் நான் சொல்லியே இருக்க மாட்டேன் என்றார். அதில் அவருக்கு வருத்தமா, நிம்மதியா என்று கேட்டேன். தெரியலைங்க என்றார்.

ஆம்ப் அதற்கப்புறமும் நெடுங்காலம் எங்களோடு ஊர் சுற்றியது. வால்வு மாற்றியது அபூர்வம். நாங்கள் சேலத்துக்கே குடி வந்துவிட்டோம். தொண்ணூறுகளில் கீபோர்டு வந்து, கச்சேரிகள் குறைந்து, அது எங்கள் கூடத்தில் டீவி ஸ்டாண்டாக நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கிற பையன்கள் சிலர் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். வால்வு சத்தம் மாதிரி வராதாமே, வாசித்துக் காட்டுங்கள் என்றார்கள். டீவியை இறக்கி வைத்து, வால்வுகள் சிவக்கிறவரை காத்திருந்து வாசித்தேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சூப்பர் மேடம், இதுதான் அந்த சவுண்டு என்றார்கள். எனக்கு அதில் விசேஷமாக ஒன்றுமே கேட்கவில்லை. சாதாரணமான கிட்டார் சத்தம்.

அவர்கள் போன பிறகு, குமிழ்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, இன்றைக்கு நொம்ப நன்றாக இருக்கிறதே, என்ன செய்தாய் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். மறுபடி வாசி என்றார். வாசித்தேன். அவர் கரண்டியோடு கதவில் சாய்ந்து நின்று கேட்டார். நானும் கேட்டேன், இவருக்கு என்னதான் கேட்கிறது என்று.